அடுத்த வாரிசாகப் பிறந்த குற்றம்

1536-ஆம் ஆண்டு. இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் முதன்மை அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லுக்கு லேடி பிரையன் என்ற தாதி ஒரு கடிதம் எழுதுகிறார். தன் பொறுப்பில் வளரும் குழந்தைக்கு மாற்றுடுப்பு இல்லை. கவுன் இல்லை, பாவாடை இல்லை, இரவு உடை இல்லை, கைக்குட்டையும் குல்லாயும்கூட இல்லை. இருப்பதை வைத்து இதுவரை ஒப்பேற்றிவிட்டேன், இனி முடியாது என்கிறார். பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் முளைக்கிறது, வலி தாங்காமல் அழுகிறாள், அதனால் கொஞ்சம் அவள் போக்குக்கே விட்டிருக்கிறேன் என்றும் சொல்கிறார். அதே கடிதத்தில் ஒரு முறையீடும் இருக்கிறது. குழந்தையை முன்பிருந்த தகுதியிலிருந்து இறக்கிவிட்டார்களாம். இப்போது என்ன தகுதி என்று யாரும் எனக்கு முறையாகச் சொல்லவில்லை. அவளை நான் எப்படி நடத்துவது?

மூன்று வயதுகூட நிறையாத அந்தக் குழந்தைதான் பின்னாளில் இங்கிலாந்தை 44 ஆண்டுகள் ஆண்ட முதலாம் எலிசபெத். அந்த ஆண்டு மே 19-ஆம் தேதி அவள் தாய் ஆன் பொலினின் தலையைக் கணவர் ஹென்றி வெட்டச் செய்திருந்தார். 1534-இல் இயற்றிய சட்டப்படி இந்தக் குழந்தையே முறையான வாரிசு. அதை ஏற்பதாக நாடே சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சத்தியம் செய்ய மறுத்த தாமஸ் மோர் அடுத்த ஆண்டே உயிரை இழந்தார். 1536-இல் வந்த சட்டம் அதே குழந்தையை முறைகேடான பிறப்பு என்றது.

உரிமையியல் நீதிமன்றத்தில் வாரிசு வழக்குகளையும் உயில் வழக்குகளையும் நடத்தியே என் தொழில்வாழ்க்கை கழிந்தது. அதனால் டியூடர் அரச குடும்பத்தின் கதையை நான் திரைப்படமாகப் பார்ப்பதில்லை, வழக்குக் கட்டாகப் படிக்கிறேன். அப்படிப் படித்தால், ஹென்றியின் மகள்கள் மேரியும் எலிசபெத்தும் பொறாமையில் வெந்த அக்கா தங்கைகள் என்று காலங்காலமாகச் சொல்லப்படும் கதை நிற்காது. அந்தப் பிள்ளைகளை ஒருவருக்கொருவர் எதிரியாக்கிய ஆவணங்கள் ஒவ்வொன்றாக இன்றும் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் அந்தப் பிள்ளைகள் அல்ல.

மூத்தவள் மேரியை எடுத்துக்கொள்ளுங்கள். 1516-இல் பிறந்தவள், இளவரசியாக வளர்ந்தவள். 1533-இல் தந்தை அவள் தாயை விலக்கி வைத்து, அந்தத் திருமணமே செல்லாது என்றார். அதே ஆண்டு டிசம்பரில், 17 வயது மேரியை ஹாட்ஃபீல்டுக்கு அனுப்பி, பிறந்து மூன்று மாதமே ஆன தங்கையின் பரிவாரத்தில் ஒருத்தியாக இருக்க வைத்தார்கள். இளவரசி என்ற பட்டம் பறிபோனது. 1536 ஜூனில், தாய் இறந்த சில மாதங்களில், பெற்றோரின் திருமணம் முறையற்றது என்று அவளையே எழுதிக் கையெழுத்திட வைத்தார்கள். மிரட்டி வாங்கும் கையெழுத்து எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இந்த நிலையில் தங்கை மேல் வன்மம் பிறந்திருந்தால் யாரும் வியக்க மாட்டோம். ஆனால் அடுத்த மாதமே மேரி தந்தைக்கு எழுதிய கடிதத்தில், தங்கை எலிசபெத் நலமாக இருக்கிறாள், வருங்காலத்தில் தாங்கள் பார்த்து மகிழும்படி வளர்வாள் என்று தானாகவே சேர்த்து எழுதுகிறாள். தாயை இழந்து, பட்டத்தையும் இழந்து நிற்கும் இருபது வயதுப் பெண், அதே போல எல்லாம் இழந்துவிட்ட சிறுமிக்காகத் தந்தையிடம் பரிந்து பேசுகிறாள். அடுத்த ஆண்டு தம்பி எட்வர்ட் பிறந்தபோது ஞானத்தாயாக நின்றவளும் மேரிதான்.

ஹென்றி 1544-இல் மூன்றாவது முறையாக வாரிசுச் சட்டம் கொண்டுவந்தார். எட்வர்ட், அவருக்குப் பின் மேரி, அவருக்குப் பின் எலிசபெத் என்று வரிசை வைத்தார். ஆனால் மகள்கள் இருவரும் முறைகேடாகப் பிறந்தவர்கள் என்ற பழைய சட்டத்தை நீக்கவில்லை. முறையான பிறப்பு இல்லை, ஆனால் மகுடத்துக்கு உரிமை உண்டு! இந்தச் சட்டத்தை எழுதியவர்மேல் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் காலத்துக்கும் பிடித்துத் தொங்க ஒரு கயிற்றைத் தந்தையே முடிந்துவைத்துவிட்டுப் போனார். 1546 டிசம்பர் 30 தேதியிட்ட உயிலிலும் குறை இருந்தது. மன்னரின் கையொப்ப வடிவத்தை அச்சாகத் தாளில் அழுத்தி, அந்தத் தடத்தில் எழுத்தர் மை தீட்டும் வழக்கம் அப்போது இருந்தது. உயிலில் விழுந்தது அந்த ஒப்பம்தான். தம் அக்காள் மார்கரெட் வழிவந்த ஸ்காட்லாந்துக் கிளையை ஒதுக்கிவிட்டு, தங்கையின் பேத்திகளான கிரே சகோதரிகளின் கிளையை அந்த உயிலில் ஹென்றி முன்னுக்குக் கொண்டுவந்திருந்தார். இருபது ஆண்டு கழித்து, ஸ்காட்லாந்து அமைச்சர் மெய்ட்லண்ட், மன்னர் தம் கையால் ஒப்பமிடாத உயில் எப்படிச் செல்லும் என்று கேட்டார். நான் அவர் தரப்பில் இருந்திருந்தால் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

அடுத்த ஆவணம் இன்னும் மோசம். அது லண்டனில் இன்னர் டெம்பிள் வழக்கறிஞர் சங்க நூலகத்தில் இருக்கிறது. 1553-இல், நோயில் விழுந்த 15 வயது மன்னர் எட்வர்ட் தம் கைப்பட எழுதிய வாரிசுத் திட்டம் அது. புராட்டஸ்டண்ட் மதத்தில் ஊறியவர் அவர். கத்தோலிக்க அக்கா மேரி வரக் கூடாது என்று முடிவு செய்தார். மேரியை நீக்கச் சொன்ன காரணம் எலிசபெத்துக்கும் பொருந்தியதால் இரண்டு அக்காக்களையும் நீக்கினார். முதலில் எழுதியபோது, கிரே குடும்பத்துப் பெண்களுக்குப் பிறக்கப்போகும் ஆண் பிள்ளைகளுக்கே மகுடம். ஆனால் அப்படி ஓர் ஆண் பிள்ளை பிறந்திருக்கவே இல்லை. எட்வர்டுக்கோ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. 'ஜேனின் ஆண் வாரிசுகளுக்கு' என்று இருந்த வரியில் ஓர் எழுத்தை அடித்து, மேலே இரண்டு சிறு சொற்களைச் செருகினார்கள். அது 'ஜேனுக்கும் அவள் ஆண் வாரிசுகளுக்கும்' என்று மாறியது. அந்தச் செருகலில்தான் ஜேன் கிரே என்ற பதின்ம வயதுப் பெண் அரசியானாள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், ஆட்சியைக் கையில் வைத்திருந்த நார்தம்பர்லண்ட் பிரபு தம் மகன் கில்ட்ஃபர்டுக்கு அவளைத் திருமணம் செய்து வைத்திருந்தார்.

அந்தத் தாளைச் சட்டமாக்க நீதிபதிகளைக் கூப்பிட்டார்கள். நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை மன்னரின் ஒரு தாள் மாற்ற முடியாது, மாற்ற உதவுவதே ராஜத்துரோகம் என்று தலைமை நீதிபதி மாண்டேகு சொன்னார். நார்தம்பர்லண்ட் கோபத்தில் நடுங்கியபடி அறைக்குள் நுழைந்து, இதற்காக யாருடனும் சட்டையோடு நின்று சண்டை போடத் தயார் என்று கத்தினார். மாண்டேகு பணிந்தார். பெரிய மனிதர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டார்கள். ஜேம்ஸ் ஹேல்ஸ் என்ற நீதிபதி மட்டும் மறுத்தார். அவர் புராட்டஸ்டண்ட்; மேரி வந்தால் அவருக்கு எந்த நன்மையும் இல்லை. சட்டம் இப்படித்தான் இருக்கிறது என்பதற்காக மறுத்தார். மேரி அரசியான பிறகு, கத்தோலிக்கப் பூசையைத் தடுக்கும் சட்டம் இன்னும் ரத்தாகவில்லையே என்று அதே நேர்மையோடு சொன்னதற்காகச் சிறைக்குப் போனார். மனம் உடைந்து 1554-இல் ஓடையில் மூழ்கி உயிரை விட்டார். வாரிசுச் சண்டை என்றால் அரசிகளின் பெயர்கள்தான் நினைவுக்கு வருகின்றன. நம் தொழிலில் இருப்பவர்களாவது ஹேல்ஸை நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஜூலை 6-ஆம் தேதி எட்வர்ட் இறந்தார். மகுடம் உனக்கு என்று சொன்னபோது ஜேன் அழுதாள். கணவனையும் மன்னனாக்கு என்று மாமியார் வீட்டார் நெருக்கியபோது, வேண்டுமானால் டியூக் ஆக்குகிறேன், மன்னனாக்க முடியாது என்று மறுத்துவிட்டாள். அத்தனை பேர் நெருக்கடிக்கு நடுவில் சுயமாக எடுத்த அந்த முடிவைப் பார்க்கும்போது அவள்மேல் மதிப்பு கூடுகிறது. மேரிக்கே உரிமை என்று லண்டனில் வாய்விட்டுச் சொன்ன மதுக்கடைப் பையன் கில்பர்ட் பாட்டரின் காதுகளை அறுத்தார்கள். ஆனால் கிழக்கு மாவட்டங்களில் சாதாரண மக்கள் ஃப்ராம்லிங்ஹாம் கோட்டையில் மேரியைச் சுற்றித் திரண்டார்கள். ஒன்பதே நாளில் எல்லாம் முடிந்தது. தனக்காகத் தானே களத்தில் இறங்கிய வாரிசு அந்த நூற்றாண்டில் மேரி ஒருவர்தான் என்று சொல்வேன். அவர் பக்கம் நாடாளுமன்றச் சட்டம் இருந்தது.

மேரி முதலில் ஜேனைக் கொல்ல விரும்பவில்லை. தண்டனை விதித்த பின்னும் நிறுத்தி வைத்திருந்தார். 1554 ஜனவரியில் வயட் என்பவர் தலைமையில் கலகம் வெடித்தது. ஜேனின் தந்தையே அதில் சேர்ந்தார். பிப்ரவரி 12-ஆம் தேதி ஜேனின் கண்ணைக் கட்டிக் கொலைமேடையில் விட்டார்கள். தலை வைக்க வேண்டிய கட்டை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அந்தப் பெண் கைகளால் காற்றில் துழாவினாள். என்ன செய்வேன், எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த ஒருவர் கைப்பிடித்து நகர்த்திவிட்டார். பிறக்காத பிள்ளைகளுக்கு முன்னால் அவள் பெயரைச் செருகியவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

கலகத்தின் பெயரால் அடுத்து எலிசபெத்தைப் பிடித்தார்கள். 1554 மார்ச் 17, வைட்ஹால் அரண்மனை. லண்டன் கோபுரச் சிறைக்குப் படகு காத்திருந்தது. அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதிக்கொள்கிறேன் என்று 20 வயது எலிசபெத் கேட்டார். அந்தக் கடிதம் இருக்கிறது; அதன் படத்தைப் பார்த்திருக்கிறேன். முதல் பக்கம் கிட்டத்தட்ட ஒழுங்கான கையெழுத்து; போகப்போகத் திருத்தல்கள் அதிகம். இரண்டாம் பக்கத்தில் எழுத வந்தது முடிந்துவிட்டது, கீழே நிறைய இடம் காலி. அந்தக் காலியிடம் முழுக்கச் சாய்வாகக் கோடுகள் இழுத்துவிட்டு, அடியில் தங்களிடமிருந்து ஒரே ஒரு சொல் பதில் வேண்டும் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பிறகு யாரும் நடுவில் எதையும் எழுதிச் சேர்த்துவிடக் கூடாது. எங்கள் பத்திர எழுத்தர்கள் முத்திரைத்தாளில் மிச்சமிருக்கும் இடத்தை இப்படித்தான் கோடு போட்டு அடைப்பார்கள். அக்காவைவிட, அக்காவுக்கும் தனக்கும் நடுவில் இருந்தவர்களின் பேனாவைத்தான் அந்தப் பெண் அஞ்சினார்.

கடிதத்தில் அவர் சொல்லும் வாதமும் அதுவே. ஐந்தாண்டுக்கு முன் சோமர்செட் பிரபு, மன்னரின் பாதுகாவலர் என்ற அதிகாரத்தில், தம் உடன்பிறந்த தம்பி தாமஸ் சீமோரின் மரண தண்டனைக்கு ஒப்பமிட்டார். தம்பியை நேரில் பேச விட்டிருந்தால் அவன் செத்திருக்க மாட்டான் என்று பின்னர் சோமர்செட்டே சொன்னதைத் தாம் கேட்டதாக எலிசபெத் எழுதுகிறார். சுற்றியிருந்தவர்கள்தான் நேரில் பேச விடாமல் தடுத்தார்களாம். நம்மையும் அப்படி ஆக்கிவிடாதீர்கள், நேரில் பாருங்கள் என்பதே கோரிக்கை. கடிதம் எழுதி முடிப்பதற்குள் தேம்ஸ் நதியில் நீரோட்டம் மாறி அன்றைய படகுப் பயணம் நின்றது. மறுநாள் குருத்தோலை ஞாயிறு, அன்று கொண்டுபோனார்கள். மேரி பார்க்கவில்லை. வயட் கொலைமேடையில் நின்று எலிசபெத்துக்குக் கலகத்தில் பங்கில்லை என்று அறிவித்த பிறகும், இரண்டு மாதம் கோபுரச் சிறை, ஏறக்குறைய ஓராண்டு வுட்ஸ்டாக்கில் காவல். மேரி ஆட்சியில் ஏறத்தாழ 280 பேர் மதத்தின் பெயரால் எரிக்கப்பட்டார்கள். அந்தக் கொடுமையை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் கொல்லச் சொல்லிப் பலர் வற்புறுத்தியும் தங்கையைக் கொல்லாமல் விட்டவரும், 1558-இல் சாகும் தறுவாயில் அவரையே வாரிசாக ஏற்றவரும் அந்த மேரிதான்.

இனி எலிசபெத்துக்கு வருகிறேன். வாரிசின் பெயரைச் சொல்லாமல் 44 ஆண்டுகள் தள்ளியது அவருடைய மாபெரும் ராஜதந்திரம் என்று புத்தகங்கள் புகழ்கின்றன. அதை நான் ஏற்கவில்லை. அவருக்கிருந்த பயம் நியாயமானது. 1561-இல் மெய்ட்லண்டிடம் மனம் திறந்து பேசினார்: வாரிசைப் பெயர் சொல்லி அறிவித்தால் மக்கள் இருப்பவரை விட்டு வரப்போகிறவரைப் பார்ப்பார்கள், உயிரோடிருக்கும்போதே சவத்துணியைக் கண்முன் விரித்து வைத்துக்கொள்ளச் சொல்கிறீர்களா? அக்கா ஆட்சியில் அந்த இரண்டாம் இடத்தில் இருந்து அதன் விலையை அறிந்தவர் அவர். அறிந்தவர், தம் கையில் அதிகாரம் வந்ததும் அதே விலையை வேறொருத்தியிடம் வசூலித்தார் என்பதே என் குற்றச்சாட்டு.

அந்த இன்னொருத்தி கேத்தரின் கிரே. ஜேனின் தங்கை. ஹென்றியின் உயில்படி எலிசபெத்துக்கு அடுத்த இடம் அவளுக்கு. 1560 கடைசியில், அரசி வேட்டைக்குப் போன நாளில், கேத்தரின் பல்வலி என்று சொல்லி அரண்மனையில் தங்கிக்கொண்டாள். பிறகு தோழி ஜேன் சீமோருடன் ஆற்றங்கரை வழியே நடந்து, தோழியின் அண்ணன் ஹெர்ட்ஃபர்ட் பிரபுவின் வீட்டுக்குப் போனாள். தோழி போய் ஒரு பாதிரியாரைக் கூட்டிவந்தாள். ஐந்து வளையங்கள் கோத்த மோதிரத்தை மாட்டித் திருமணம் முடிந்தது. ஹெர்ட்ஃபர்ட் அவளுக்கு ஆண்டுக்கு 1,000 பவுண்டு வருமானம் எழுதிவைத்த பத்திரத்தையும் கொடுத்தார்.

சில மாதங்களில் தோழி இறந்துபோனாள். திருமணத்துக்கு அவள்தான் ஒரே சாட்சி. பாதிரியார் எங்கே என்று தெரியவில்லை. பத்திரத்தைக் கேத்தரின் தொலைத்துவிட்டாள். ஹெர்ட்ஃபர்ட் பிரான்சில் இருந்தார். கேத்தரின் கர்ப்பம். சாட்சி இல்லை, பத்திரம் இல்லை என்று என் எதிரே அமர்ந்து அழுத எத்தனையோ பெண்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களில் யாருக்கும் எதிர்த்தரப்பு ஓர் அரசாங்கமாக இருந்ததில்லை. 1561-இல் அவளைக் கோபுரச் சிறையில் அடைத்தார்கள். செப்டம்பரில் அங்கேயே ஆண் குழந்தை பிறந்தது. அடுத்த ஆண்டு பேராயர் பார்க்கர் தலைமையிலான விசாரணைக் குழு திருமணமே நடக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஹென்றி தம் மகள்களுக்குச் செய்ததை, அந்த மகள்களில் ஒருத்தி இன்னொரு குழந்தைக்குச் செய்தார். காவலர்களின் இரக்கத்தால் கணவனும் மனைவியும் சிறைக்குள்ளேயே சந்திக்க முடிந்தது. 1563 பிப்ரவரியில் இரண்டாவது மகன் பிறந்தான். ஹெர்ட்ஃபர்டுக்கு 15,000 பவுண்டு அபராதம். அரச இரத்தத்துப் பெண்ணைக் கெடுத்ததற்கு ஒரு பங்கு, சிறைக்காவலை மீறியதற்கு ஒரு பங்கு, திரும்பவும் கூடியதற்கு ஒரு பங்கு எனக் கணக்கு. அந்த ஆண்டு கோடையில் கொள்ளைநோயைக் காரணம் காட்டிக் குடும்பத்தைப் பிரித்தார்கள். மூத்த பிள்ளை தகப்பனோடு ஓரிடம், கைக்குழந்தை தாயோடு வேறிடம். கேத்தரின் அதன்பின் கணவனைப் பார்க்கவே இல்லை. 1568 ஜனவரி 27, சஃபக் பகுதியில் ஒரு காவல் வீட்டில் இறந்தாள். வயது 27.

அவள் படை திரட்டியதில்லை, அரசிக்கு எதிராக ஒரு வரி எழுதியதில்லை. அவளுடைய தங்கை மேரி கிரே, அரண்மனை வாயில்காப்போரின் தலைவரை ரகசியமாக மணந்தபோதும் இதே கதை. கணவர் இறக்கும்வரை இருவரையும் சேர விடவில்லை.

மார்கரெட் வழிவந்த ஸ்காட்லாந்து அரசி மேரியின் கதை வேறு வகை. 1568-இல் அடைக்கலம் தேடி வந்து, 1587-இல் தலை வெட்டப்படும்வரை காவலில் இருந்தவர். அவரைச் சுற்றிச் சதிகள் உண்மையிலேயே நடந்தன, கடைசிச் சதிக்கு அவர் எழுத்திலேயே இசைவு தந்தார். திரைப்படங்களில் அவரும் எலிசபெத்தும் நேருக்கு நேர் நின்று வாதிடுவார்கள். இருவரும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை.

எலிசபெத்தின் மௌனம் உள்நாட்டுப் போரைத் தவிர்த்ததே என்பார்கள். நண்பர்கள் பலர் என்னோடு இப்படி வாதாடியிருக்கிறார்கள். 1603 மார்ச் 24-இல் அவர் இறந்ததும் ஒரு வாளும் உருவப்படாமல் ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ் அரியணை ஏறினார் என்பது உண்மை. ஆனால் அது எப்படி நடந்தது? அமைச்சர் ராபர்ட் செசில் 1601-இலிருந்தே அரசிக்குத் தெரியாமல் ஜேம்ஸுக்குக் கடிதம் எழுதிவந்தார். பெயர்களுக்குப் பதில் எண்கள்: எலிசபெத்துக்கு 24, ஜேம்ஸுக்கு 30, செசிலுக்கு 10. அரசி விதித்த மௌனத்தை அமைச்சர் மீறியதால்தான் கைமாற்றம் சுமுகமாக நடந்தது. அதே விஷயத்தை வெளிப்படையாகப் பேச முயன்ற நாடாளுமன்ற உறுப்பினர் பீட்டர் வென்ட்வொர்த்தை 1593-இல் கோபுரச் சிறைக்கு அனுப்பினார்கள்; அவர் திரும்பி வரவில்லை. 1562-இல் அம்மை கண்டு எலிசபெத் சாகக் கிடந்தபோது யாரை அரசராக்குவது என்று தெரியாமல் ஆலோசனை அவை குழம்பிப்போனதையும் மறந்துவிடக் கூடாது. அன்று அவர் பிழைத்தது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தை ராஜதந்திரம் என்று எழுதுவது சரியல்ல.

பெண்கள் ஆண்டதால்தான் இத்தனை பொறாமை, இத்தனை பகை என்று இன்னும் சிலர் நம்புகிறார்கள். அவர்கள் ஜேம்ஸின் ஆட்சியையும் படிக்க வேண்டும். ஆண், அரியணையில் உறுதியாக அமர்ந்தவர், இரண்டு மகன்களுக்குத் தகப்பன். 1610-இல் அவருடைய சித்தப்பா மகள் அரபெல்லா ஸ்டூவர்ட், கேத்தரின் கிரேயின் பேரன் வில்லியம் சீமோரை ரகசியமாக மணந்தார். இரண்டு வாரிசுக் கிளைகள் ஒன்றாகிவிடும் என்று அஞ்சி இருவரையும் ஜேம்ஸ் சிறைவைத்தார். அரபெல்லா ஆண் வேடமிட்டுத் தப்பினார். கணவர் ஓஸ்டெண்ட் போய்ச் சேர்ந்துவிட்டார். அரபெல்லாவோ நடுக்கடலில் பிடிபட்டார். 1615-இல் அதே கோபுரச் சிறையில் இறந்தார்.